ஐஸ் ரூமில் ஒரு பருத்தி பனியன்

தொண்ணூற்றாறாம் வருடம் கார்த்திகை மாதம், மண்டபம் பக்கத்தில் ஒரு இறால் கம்பெனியின் ஐஸ் ரூமுக்குள் இது நடந்தது. ராமநாதபுரம் மாவட்டத்தில் ஒரு மனிதன் குளிரில் விறைத்துச் சாகப் பார்த்தான் என்று சொன்னால் இன்றைக்கும் யாரும் நம்புவதில்லை. அந்த ஆள் என் தங்கச்சியின் புருஷன். அவரை அந்த ரூமுக்குள் கூட்டிக்கொண்டு போனவன் நான்.

எனக்குச் சொந்த ஊர் சிக்கல் பக்கம். படிப்பு ஏழாம் வகுப்போடு சரி. யாரும் நிறுத்தவில்லை, நானாகத்தான் பஸ் ஏறிப் போய்விட்டேன். உப்பளம், செங்கல் சூளை, லாரி கிளீனர், பம்பாயில் ஒரு ஓட்டல் என்று சுற்றிவிட்டு, கடைசியில் இமயமலைப் பக்கம் ஒரு ஊரில் போய் நின்றேன். குளிர்காலத்தில் அங்கே பனிச்சறுக்கு விளையாட ஆட்கள் வருவார்கள். காலில் இரண்டு நீளப் பலகைகளை மாட்டிக்கொண்டு மலைச்சரிவில் வழுக்கிக்கொண்டே இறங்குவார்கள். அந்தப் பலகை, பூட்ஸ், உடுப்பு எல்லாம் வாடகைக்குக் கொடுக்கிற ஒரு கடையில் மூன்று குளிர்காலம் வேலை பார்த்தேன்.

அந்த வேலையில் உடுப்பைப் பற்றி நிறையத் தெரிந்துகொண்டேன். மேலே எத்தனை கோட்டு போட்டாலும், உடம்பை ஒட்டிப் போடுகிற உள்சட்டை சரியில்லையென்றால் அத்தனையும் வீண். பலகையைத் தோளில் சாய்த்துக்கொண்டு மேடு ஏறுகிறவனுக்கு நன்றாக வேர்க்கும். ஏறி முடித்ததும் வரிசையில் சும்மா நிற்பான். அப்போது அந்த வேர்வை என்ன ஆகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. பருத்தி அதைக் குடித்து வைத்துக்கொள்ளும். காயாது. உடம்புச் சூட்டை இழுத்துக்கொண்டே இருக்கும். மெல்லிய கம்பளி அப்படி இல்லை, ஈரமானாலும் கொஞ்சம் சூட்டைப் பிடித்து வைத்திருக்கும். உள்சட்டை உடம்போடு ஒட்டி இருக்க வேண்டும், ஆனால் கையைத் தூக்கினால் அக்குளில் பிடிக்கக் கூடாது. குனிந்தால் இடுப்புக்கு மேலே ஏறக் கூடாது. காலுக்குப் போடுகிறதில் தையல் தடிப்பாக இருந்தால், பூட்ஸ் அழுத்தி அழுத்தி சாயங்காலம் கணுக்காலுக்கு மேலே தோல் உரிந்துபோயிருக்கும். வாங்குகிறபோது முழங்கையையும் தொடைச்சந்தையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பேன். முதலில் நைகிற இடம் அதுதான்.

இதெல்லாம் எனக்கு மனப்பாடம். நான் செய்தது தெரியாமல் செய்த தப்பு இல்லை என்று சொல்வதற்காகத்தான் இவ்வளவையும் சொல்கிறேன்.

அந்த வருடம் கடை முதலாளி, நம்பிக்கையான ஆள் ஒருத்தரைக் கூட்டிக்கொண்டு வா என்று சொல்லி அனுப்பியிருந்தார். தங்கச்சியை ஆர்.எஸ்.மங்கலம் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தோம். மாப்பிள்ளை வயல் கூலி. நெல் மூட்டையை ஒரே தம்மில் தூக்கித் தலையில் வைக்கிற ஆள். மூன்று மாத வேலை என்றதும் உடனே சரி என்றுவிட்டார். தங்கச்சி யோசித்தாள். போகிறபோது எப்படி இருக்கிறாரோ அப்படியே திரும்பிக் கொண்டுவந்து விட வேண்டும் என்று மட்டும் என்னிடம் சொன்னாள். இடுப்பில் ஒரு வயதுப் பெண் குழந்தை. அவளுக்கு அந்த ஒரு சம்பாத்தியம்தான்.

மாப்பிள்ளைக்கு உள்சட்டை வாங்க ராமநாதபுரம் கடைத்தெருவுக்குப் போனோம். கம்பளி உள்சட்டை என்று கேட்டதும் கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். அந்த ஊரில் அதை யார் வாங்கப் போகிறார்கள்? அப்புறம் கீழக்கரைக்குப் போய், வெளிநாட்டுச் சாமான் விற்கிற கடையில் நீல நிறத்தில் நைலான் மாதிரி ஒன்று பார்த்தோம். இழுத்தால் நீளும், விட்டால் சுருங்கும். கம்பளி இல்லாவிட்டாலும் அது பரவாயில்லை, வேர்வை சீக்கிரம் காய்ந்துவிடும் என்று சொன்னேன். மாப்பிள்ளை அதைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். நம் ஊர் வெயிலில் நைலான் சட்டை போட்டுக்கொண்டு அறுவடைக்குப் போனவனைக் கேட்டுப் பாருங்கள், அக்குள் முழுக்கக் கொப்புளமாக இருக்கும். பிறந்த குழந்தையைச் சுற்றுவதும் பருத்தியில்தான், கட்டையில் போகிறவனுக்குப் போர்த்துவதும் பருத்திதான். உடம்புக்கு ஆகிற துணி என்றால் எங்கள் ஆட்களுக்கு அது ஒன்றுதான்.

மறுபடியும் ராமநாதபுரம் வந்தோம். முழுக்கை வைத்த பருத்தி பனியன் இரண்டை அவரே தேர்ந்தெடுத்தார். கன்னத்தில் உரசிப் பார்த்தார். கடைக்காரர் அதன் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்து வெடுக்கென்று இழுத்து, கிழியாது பாருங்கள் என்று காட்டினார். ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டையும் போட்டுக்கொள்ளலாம் என்பது மாப்பிள்ளையின் கணக்கு. நான் வேண்டாம் என்றேன். என் பையில் இருந்த பழைய கம்பளி உள்சட்டையை எடுத்துக் காட்டினேன். வெள்ளைக்காரர் ஒருத்தர் ஊருக்குத் திரும்பும்போது எனக்குக் கொடுத்துவிட்டுப் போனது அது. இரண்டு முழங்கையிலும் நானே ஒட்டுப்போட்டிருந்தேன்.

மாப்பிள்ளை அதை மோந்து பார்த்துவிட்டு, “என்ன மச்சான், ஆட்டுத் தோலப் போத்திக்கிட்டு மலையில மேயவா போறீக?” என்றார். கடையில் இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். அவர் அதோடு விடவில்லை. “மார்கழி விடியால இடுப்பளவு கம்மாத் தண்ணிக்குள்ள நின்னவன் நானு. பஸ் ஸ்டாண்டுல படுத்து எந்திருச்ச ஆளு எனக்குக் குளிரப் பத்திச் சொல்லுறீக.”

அவர் விளையாட்டுக்குத்தான் சொன்னார். மச்சான் மாப்பிள்ளை என்றால் அப்படித்தான் பேசிக்கொள்வோம். ஆனால் நாலு பேர் முன்னால் வீடு வாசல் இல்லாதவன் என்று சொன்னது எனக்குச் சுருக்கென்று தைத்தது. இனி வாயால் சொல்லக் கூடாது, செய்து காட்ட வேண்டும் என்று அங்கேயே முடிவு பண்ணினேன்.

பனி மாதிரிக் குளிருகிற இடம் எங்கள் கடற்கரையில் ஒன்றே ஒன்றுதான் உண்டு. இறால் கம்பெனிகளின் ஐஸ் ரூம். ஏர்வாடிக்காரர் ஒருத்தர் அப்படி ஒரு கம்பெனியில் ஐஸ் ரூமுக்குப் பொறுப்பாக இருந்தார். லாரியில் ஓடின காலத்தில் பழக்கம். அரபு நாட்டில் ஒன்பது வருடம் இதே மாதிரி வேலை பார்த்துவிட்டு வந்தவர். நான் அவரைக் காக்கா என்றுதான் கூப்பிடுவேன், அவர்கள் பக்கம் அண்ணனை அப்படித்தான் சொல்வார்கள். ஒரு கால் மணி நேரம் உள்ளே இருந்து பார்க்க விட வேண்டும் என்று கெஞ்சினேன். முதலில் முடியாது என்றார். அப்புறம், வெள்ளிக்கிழமை மத்தியானம் வா, முதலாளி ஆட்கள் இருக்க மாட்டார்கள் என்றார்.

போனோம். மழை விட்டு நாலு நாள் ஆகியிருந்தது, வெளியே நல்ல வெயில். முன்பக்கக் கொட்டகையில் பெண்கள் உட்கார்ந்து இறால் உரித்துக்கொண்டிருந்தார்கள். அதைத் தாண்டி ஒரு நடை, அதன் கடைசியில் ஐஸ் ரூமின் கதவு. ஒரு சாண் கனம் இருக்கும். தானாகவே மூடிக்கொள்ளும். உள்ளே இருந்து திறப்பதற்கு ஒரு இரும்புக் குமிழ் உண்டு, ஆனால் அதன்மேல் பனி ஏறி இறுகிப்போய்க் கிடந்தது. அதனால் யார் உள்ளே போனாலும் கதவிடுக்கில் ஒரு மரக்கட்டையைச் செருகிவிட்டுத்தான் போவார்கள். காக்காவே கட்டையைச் செருகினார்.

“பதினஞ்சு நிமிசம். அதுக்கு மேல இருக்கப்படாது. நான் ஜும்மாவுக்குப் போயிட்டு வாரேன். இந்தக் கட்டைய மட்டும் எடுத்துப்புடாதீக” என்று சொல்லிவிட்டுத் தொப்பியைச் சரிசெய்துகொண்டு போனார்.

நான் கம்பளி உள்சட்டை, அதன்மேல் ஒரு சட்டை. மாப்பிள்ளை இரண்டு பருத்தி பனியன், அதன்மேல் ஒரு சட்டை. அங்கே மாட்டியிருந்த கனத்த கோட்டை இரண்டு பேருமே எடுக்கவில்லை. கோட்டைப் போட்டால் உள்சட்டையைச் சோதிக்க முடியாது என்று சொன்னவன் நான்தான்.

முதலில் வேர்க்க வேண்டும் அல்லவா? உள்ளே ஒரு பக்கம் அடுக்கியிருந்த இறால் பெட்டிகளை மறுபக்கம் மாற்றி அடுக்குவோம் என்றேன். மாப்பிள்ளைக்கு வேலை என்றால் கேட்க வேண்டாம். நான் ஒரு பெட்டி எடுப்பதற்குள் அவர் மூன்று பெட்டி எடுத்தார். வெறுங்கையால். பத்து நிமிடத்தில் அவர் தலையிலிருந்து ஆவி கிளம்பியது. பனியன் சட்டையோடு சேர்ந்து நனைந்து முதுகில் ஒட்டியிருந்தது. குளிரே இல்லையே மச்சான், இதுக்கா இவ்வளவு பேசுனீக என்று சிரித்தார். சரி, இப்போது உட்காருவோம் என்றேன்.

பெட்டிகளின் மேல் எதிரும் புதிருமாக உட்கார்ந்தோம். அவர் உட்கார்ந்த இடத்துக்குக் கதவிடுக்கு வழியாக வெளிச்சூடு கொஞ்சம் வந்துகொண்டிருந்தது. எனக்கு அது பொறுக்கவில்லை. வெயில் காற்று வந்தால் இது என்ன சோதனை என்று நினைத்தேன். எழுந்து போய்க் கட்டையை இழுத்து எடுத்தேன். கதவு சத்தமே இல்லாமல் வந்து மூடிக்கொண்டது. அந்த நேரத்தில் காக்கா சொன்னது என் நினைவில் இருந்ததா என்று கேட்டால், இருந்தது. ஐந்து நிமிடத்தில் மாப்பிள்ளை தோற்றுவிடுவார், அப்புறம் குமிழை நாலு இடி இடித்தால் திறந்துவிடும் என்று நினைத்தேன்.

அவர் தோற்கவில்லை. பல் தடதடவென்று அடித்துக்கொண்டது, தோள் இரண்டும் குலுங்கின, ஆனாலும் வாயைத் திறந்து குளிருகிறது என்று சொல்லவில்லை. நானும் போதும் என்று சொல்லவில்லை. எனக்கு முகமும் கையும்தான் வலித்தன, மார்பும் முதுகும் கதகதப்பாக இருந்தன. அவர் நடுங்குவதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். உள்ளுக்குள் சந்தோஷமாகக்கூட இருந்தது. இதை எழுதவே கை கூசுகிறது, ஆனால் அதுதான் நிஜம்.

கால் மணிக்கு மேலே ஆனதும் எழுந்து போய்க் குமிழை அழுத்தினேன். அசையவில்லை. தோளால் இடித்தேன். காலால் உதைத்தேன். ஒரு பெட்டியைப் பிரித்து, செங்கல் மாதிரி உறைந்திருந்த இறால் கட்டி ஒன்றை எடுத்துக் குமிழின் மேலிருந்த பனியை அடித்து உடைத்தேன். பனி உதிர்ந்தது. குமிழ் உள்ளே போகவில்லை. கத்தினேன். அந்தக் கதவுக்குள்ளே கத்துவது கிணற்றுக்குள் முங்கிக்கொண்டு கத்துகிற மாதிரி இருந்தது. வெளியே இயந்திரம் ஓடுகிற இரைச்சல் வேறு. கடிகாரத்தைப் பார்த்தேன். காக்கா வருகிற நேரம்தான், வந்துவிடுவார் என்று மாப்பிள்ளையிடம் சொன்னேன். ஜும்மா முடிந்ததும் பள்ளிவாசலுக்கு ஒரு ஜனாஸா வந்துவிட்டது என்பதும், யாரோ பெரியவருடைய அடக்கத்துக்கு அவர் கபர்ஸ்தான் வரைக்கும் போய்விட்டார் என்பதும் எனக்கு எப்படித் தெரியும்?

மறுபடி அடிக்க ஆரம்பித்தேன். எவ்வளவு நேரம் அடித்தேன் என்று தெரியவில்லை. திரும்பிப் பார்த்தபோது மாப்பிள்ளை நடுங்குவதை நிறுத்தியிருந்தார். அமைதியாக, முகத்தில் ஒரு கஷ்டமும் இல்லாமல் பெட்டியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். ஒரு நொடி எனக்கு நிம்மதியாக இருந்தது, உடம்பு பழகிவிட்டது என்று. அப்போது அவர் என்னைப் பார்த்து, நாக்குத் தடித்துப்போனவர் மாதிரி மெதுவாகக் கேட்டார்.

“மச்சான்... மடையத் தொறந்துட்டாகளா?”

எங்கே இருக்கிறோம் என்பது அவருக்குத் தெரியவில்லை. கண்மாய்க் கரையில், வயலுக்குத் தண்ணீர் வருவதற்காகக் காத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். பனிமலையில் சுமை தூக்குகிற ஆள் ஒருத்தரை இப்படிப் பார்த்திருக்கிறேன். நடுக்கம் நின்றுபோய், சம்பந்தமில்லாமல் பேசிக்கொண்டே தூங்கிப்போனார். அவர் அப்புறம் எழுந்திருக்கவில்லை.

ஓடிப்போய் மாப்பிள்ளையின் சட்டையைக் கழற்றினேன். பனியனின் முதுகுப்பக்கம் அட்டை மாதிரி விறைத்திருந்தது, தட்டினால் சத்தம் கேட்டது. கையைத் தூக்கச் சொன்னால் அவருக்குத் தூக்கத் தெரியவில்லை. கிழித்து எடுத்துவிடலாம் என்று கழுத்தில் பிடித்து இழுத்தேன். கிழியவில்லை. கடைக்காரர் பொய் சொல்லவில்லை, நல்ல உறுதியான துணி. பல்லால் கடித்து இழுத்தேன். அதுவும் முடியாமல், குழந்தைக்குக் கழற்றுகிற மாதிரி ஒவ்வொரு கையாக மடக்கி, இரண்டு பனியனையும் தலை வழியாக உருவி எடுத்தேன். என் கம்பளி உள்சட்டையைக் கழற்றி அவருக்கு மாட்டினேன். என் உடம்புச் சூடு அதில் அப்படியே இருந்தது. வெறும் உடம்போடு அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, அவருடைய கைகளை என் அக்குளுக்குள் வைத்துக்கொண்டேன். இரண்டு கட்டைத் துண்டை வைத்துக்கொண்ட மாதிரிதான் இருந்தது. தூங்காதே மாப்பிள்ளை, தூங்காதே என்று சொல்லிக்கொண்டே காலால் கதவை உதைத்துக்கொண்டிருந்தேன். எனக்கு நடுங்க ஆரம்பித்தது. நடுங்கட்டும், அது நல்லது என்று நினைத்துக்கொண்டேன்.

கதவைத் திறந்தது இறால் உரிக்கிற ஒரு அம்மா. தண்ணீர் பிடிக்க அந்த நடைப்பக்கம் வந்திருக்கிறார். உள்ளே போகிற யாரும் வெறும் செருப்போடு போக மாட்டார்கள், வாசலில் கழற்றிவிட்டு அங்கே இருக்கிற ரப்பர் பூட்ஸைப் போட்டுக்கொள்வார்கள். நாங்களும் அப்படித்தான் போயிருந்தோம். ரெண்டு சோடி செருப்பு கெடக்கு, ஆளக் காணோமே என்று சந்தேகப்பட்டுத் திறந்து பார்த்திருக்கிறார். இரண்டு ஆம்பிளைகள், ஒருத்தன் மேல்சட்டை இல்லாமல், கட்டிப்பிடித்துக்கொண்டு தரையில் கிடந்ததைப் பார்த்து முதலில் ஒன்றும் புரியாமல் நின்றார். அப்புறம் மாப்பிள்ளையின் கன்னத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு வெடுக்கென்று கையை எடுத்துக்கொண்டார்.

“ஏத்தா, ஓடியாங்கடி. இந்தாளு மீனாட்டம்ல கெடக்காரு” என்றார்.

ஆறேழு பெண்கள் சேர்ந்து மாப்பிள்ளையைத் தூக்கி, வெளியே வெயிலில் காய்ந்துகொண்டிருந்த மணலில் கொண்டுபோய்ப் போட்டார்கள். யாரோ கொதிக்கக் கொதிக்க வெந்நீர் கொண்டுவந்தார்கள். ஊற்ற வேண்டாம், கையையும் தேய்க்க வேண்டாம், விறைத்த உடம்பு அதில் இன்னும் கெட்டுப்போகும் என்று தடுத்தேன். எனக்கு வாய் குழறியதால் நான் சொன்னது அவர்களுக்குப் புரிந்ததா என்று தெரியவில்லை, ஆனால் கேட்டார்கள். சேலைகளையும் சாக்கையும் போட்டு மூடினார்கள். ரொம்ப நேரம் கழித்து மாப்பிள்ளைக்கு மறுபடி நடுங்க ஆரம்பித்தது. நான் அப்போதுதான் அழுதேன்.

ராமநாதபுரம் பெரிய ஆஸ்பத்திரியில், எந்த ஊரில் நடந்தது என்று டாக்டர் மூன்று தடவை கேட்டார். மண்டபம் என்று மூன்று தடவையும் சொன்னேன். மற்ற டாக்டர்களையும் கூப்பிட்டுக் காட்டினார். இந்த மாதிரிக் கையைப் புத்தகத்தில்தான் பார்த்திருக்கிறாராம். உயிருக்கு ஒன்றும் இல்லை. ஆனால் இடது கைச் சுண்டுவிரலின் நுனி கறுத்துப்போய், பிறகு எடுக்க வேண்டியதாகிவிட்டது.

காக்கா அன்று சாயங்காலம் ஆஸ்பத்திரிக்கு வந்தார். என்னைத் திட்டவில்லை. கட்டை எங்கே கிடந்தது என்பதைப் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தார். கம்பெனியில் அவராகவே போய் நடந்ததைச் சொல்லியிருக்கிறார். அவரை ஐஸ் ரூம் பொறுப்பிலிருந்து எடுத்து, வாசல் கேட்டில் காவலுக்கு நிற்க வைத்துவிட்டார்கள். அதற்கப்புறம் என்னோடு பேசினார், ஆனால் பழைய மாதிரி இல்லை.

தங்கச்சி குழந்தையைத் தூக்கிக்கொண்டு மறுநாள் காலை பஸ்ஸில் வந்தாள். மாப்பிள்ளை கட்டிலில் உட்கார்ந்து இட்லி தின்றுகொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும், மச்சான் தன் சட்டையைக் கழற்றிக் கொடுத்து என்னைக் காப்பாத்திட்டாரு என்று சொன்னார். அவர் அதை நம்பித்தான் சொன்னார். எனக்கும் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. கம்பெனியிலிருந்து கொண்டுவந்து கட்டிலின் கீழே போட்டிருந்த இரண்டு பனியனையும் தங்கச்சி எடுத்துப் பார்த்தாள். அவர் போட்டிருந்த கம்பளியைத் தடவிப் பார்த்தாள். என்னை வெளியே கூப்பிட்டாள்.

“உள்ள போறப்ப நீ எதப் போட்டிருந்த?” என்று கேட்டாள். சொன்னேன். “அவரு?” என்றாள். அதையும் சொன்னேன். பருத்திதான் வேணும்னு அவரே அடம்பிடிச்சாரு என்றேன்.

“அவருக்குத் தெரியாதுண்ணே. ஒனக்குத் தெரியும்ல?”

அவ்வளவுதான் கேட்டாள். சத்தம்கூடப் போடவில்லை. உள்ளே போய்க் குழந்தையை அவர் மடியில் உட்கார வைத்தாள். ஐஸ் ரூமின் கதவு திறக்காமல் போனபோது வந்த அதிர்ச்சியைவிட அந்தக் கேள்வி பெரிதாக இருந்தது. ஊர் ஊராகப் போய் எத்தனையோ பேரிடம் அடி வாங்கியிருக்கிறேன், பட்டினி கிடந்திருக்கிறேன். நான் ஒரு ஆளுக்குக் கெடுதல் செய்யக்கூடியவன் என்று எனக்கே அன்றுவரை தெரியாது.

மாப்பிள்ளை மலைக்கு வரவில்லை. அவர் வருகிறேன் என்றுதான் சொன்னார், நான்தான் கூப்பிடவில்லை. தனியாகப் போனேன். அப்புறமும் பல வருடம் அதே கடையில் இருந்தேன். நம் பக்கத்து ஆட்கள் சுற்றுலா வந்து, பருத்தி பனியனோடு எதிரே நின்றுகொண்டு, இதுவே போதும் என்று சொல்வார்கள். கடையில் மற்றவர்கள், சரி போகட்டும், ஒரு மணி நேரத்தில் அவர்களே திரும்பி வருவார்கள் என்று சிரிப்பார்கள். நான் விட மாட்டேன். பனியனைக் கழற்றி உள்சட்டையை மாற்றுகிறவரை பலகையைக் கையில் கொடுக்க மாட்டேன். சண்டைக்கு வந்தவர்கள் உண்டு, படிக்காத பயல் என்னை அதிகாரம் பண்ணுகிறான் என்று முதலாளியிடம் போனவர்களும் உண்டு. அதெல்லாம் என்னை ஒன்றும் செய்வதில்லை. தெரிந்ததை நேரத்தோடு சொல்லித் தடுக்காமல், அவனே பட்டு உணரட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தவன், அப்புறம் தன் உடம்பிலிருந்து எதைக் கழற்றிக் கொடுத்தாலும் அது காப்பாற்றியதாகக் கணக்கில் சேராது என்பதை மட்டும் நான் மறப்பதில்லை.